மொத்த எடை

கெர்ஸ்திக்கு இப்போது மரக்கரண்டிதான்.
உலோகம் பட்டால் சூப்பில்
பழைய சில்லறை வாடை அடிக்கிறதாம்.

பேருந்து ஓட்டிய கை இது.
பதினெட்டு வருடம், தார்த்து நகரத்தின் நாலாம் தடம்.
இன்று முட்டையின் மஞ்சள் இறுகும்வரை
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

வெள்ளை அணுக்கள் விழுந்த வாரம்
தாதி ஒரு தாள் தந்தாள்.
பச்சையாக எதுவும் கூடாது.
நேற்றுச் செய்த கஞ்சி கூடாது.
பால்கனித் தொட்டியில் அவளே வளர்த்த சதகுப்பை
கொதித்தால் மட்டும்.
கொதித்தால் அது சதகுப்பையா என்று
தாளிடம் கேட்க முடியவில்லை.

ஆறு கரண்டி. நோட்டில் எழுதினேன்.
மறுநாள் நாலு.
அப்புறம் ஒன்று, அதுவும் எனக்காக.
வாய்ப்புண்களைத் தாண்டி அது இறங்கும்வரை
சுத்தமான சன்னலைத் துடைத்தேன்.

மிச்சத்தைக் கொட்ட மனசில்லை.
அவள் தூங்கியபின் தொட்டியோரம் நின்று
ஆறிப்போன உருளைக்கிழங்கு மசியலை
வழித்துத் தின்கிறேன்.
என் பெல்ட் கடைசி ஓட்டைக்கு வந்துவிட்டது.
அவள் பாவாடைக்கு இரண்டு ஊக்கு.

"பரவாயில்லை ஐவார்,
வீட்டின் மொத்த எடை குறையவில்லை"
என்றாள் வெள்ளிக்கிழமை.

சிரித்ததில் உதடு வெடித்தது.
தட்டணுக்களும் குறைவு, ரத்தம் நிற்க நேரமாகும்.
பஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"அடுப்பில் பூசணி தீய்கிறது,
முதலில் அதை இறக்கு"
என்றாள் பஞ்சுக்கு அடியிலிருந்து.

இறக்கினேன்.
நோட்டை எடுத்து
கரண்டிக் கணக்குக்குக் கீழே எழுதினேன்:
மூக்கு வேலை செய்கிறது.