நுழைவு மட்டும்

செந்தூலில் காலை 6.12க்கு
கார்டைத் தட்டியிருக்கிறாள் தவமலர்.
வெளியேறிய பதிவு இல்லை.
சிரம்பான் வரை அன்று பாதிக் கதவுகள் பழுதாம்,
திறந்தே கிடந்தனவாம்.
கவுண்டரில் அஸ்மான் சொன்னான்.

சாலாக் செலாத்தானில் இறங்கிப் பார்த்தேன்.
செர்டாங்கில். காஜாங்கில் மழை.
கைப்பேசியில் இருந்தது கல்யாணப் படம்தான்;
இப்போது இவ்வளவு முடி இல்லை என்று
ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

என்ன நிறச் சட்டை என்று போலீஸ் கேட்டபோது
நீலம் என்றேன்.
தெரியாது.

திரும்பும் ரயிலில்
நடுப்பெட்டி பெண்களுக்கு மட்டும்.
கண்ணாடி வரை போய் நின்றேன்.

முந்தின நாள்
ஐம்பது வெள்ளி ஏற்றியிருக்கிறாள் கார்டில்.
சாகப் போகிறவள் ஏற்றுவாளா என்று
மச்சினியிடம் கேட்டேன்.

"மாட்டா" என்றாள்,
உடனே,
என் முகத்தைப் பார்க்காமல்.