மாஃபி ஹவா

பதினோரு வருடமாகக் குளிர் விற்கிறவன் நான்.
நிஸ்வாவில் எந்த மொட்டைமாடியில் ஏறினாலும்
என் ஸ்பேனர் கீறிய கம்ப்ரசர் ஒன்று இருக்கும்.
ஜனவரியில் மலைமேலிருந்து ஒரு போன்:
அடுப்புக்கு மூச்சு வாங்குகிறதாம்.

அடுப்பா, என்றேன்.
அதிலும் ஃபேன்தானே சுத்துது, போ
என்றார் பென்னிச்சன்.

பிர்கத் அல் மவ்ஸ் சோதனைச் சாவடியில்
வண்டிக்கு நாலு சக்கரமும் இழுக்குமா என்று
குனிந்து பார்த்தார் போலீஸ்காரர்.
பின்சீட்டில் கேஸ் சிலிண்டர், கேஜ்,
இன்றைக்கு உதவாத சாமான்கள்.
ஏற ஏறக் காது அடைத்தது.
சைக்கில் மாதுளை மரங்கள்
வயரிங்கோடு நின்றுபோன வீடுகள் மாதிரி
குச்சி குச்சியாய்.

ஜோகா டீச்சர் கதவைத் திறந்தார்.
ஒரே கம்பளிக்குள் இரண்டு பிள்ளைகள்.
கணவருக்கு ஃபஹூதில் எண்ணெய் வேலை,
வர இன்னும் ஒன்பது நாள்.
நவம்பரில் வாங்கிய பெல்லட் அடுப்பு
மூலையில், முகமெல்லாம் கரி.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.
நீளமாய், மஞ்சளாய், நுனி கறுத்து
காய்ச்சல்காரன் எழுந்து எழுந்து படுப்பதுபோல்
ஒரு தீ.
நல்ல தீ குட்டையாக இருக்கும், வெளுப்பாக,
ஓர் இடத்தில் நிற்காது
என்றது மேனுவலில் இருந்த படம்.

அணைத்தேன். ஆறும்வரை காவா குடித்தேன்.

எரிகிண்ணத்தின் துளைகளில்
சாம்பல் உருகிக் கல்லாகியிருந்தது.
ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால்
முறுக்கு கடிக்கிற சத்தம்.
மரக்குச்சி ஒன்றை மூட்டையிலிருந்து எடுத்து ஒடித்தேன்.
டக். ஈரமில்லை.
கதவிடுக்கில் நூறு பைசா நோட்டை வைத்து
மூடி, இழுத்தேன். வரவில்லை.
கேஸ்கெட் மேல் பழி இல்லை.
புகைக்குழாயைத் தட்டினால் அரை வாளிச் சாம்பல்.
ப்ளோயர் இறக்கைகளைப் பிரஷ்ஷால் தேய்த்து,
சென்சாரிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றி
வாய் வைத்து ஊதி,
மறுபடி மாட்டி,
பற்றவைத்தேன்.

ஐந்து நிமிடம் அழகாய் எரிந்தது.
ஆறாவதில் படுத்துக்கொண்டது.

டீச்சர் மீன் பொரிக்கப் போனார்.
சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றத் தொடங்கிய நொடி
தீ இன்னும் ஒரு முழம் சரிந்தது;
அறைக்குள் லேசாய்ப் புகை.
எழுந்து போய்
வாசல் கதவை ஒரு விரல் அகலம் திறந்தேன்.

தீ எழுந்து நின்றது.

குளிருது குளிருது என்று அரபியில் கத்தின பிள்ளைகள்.
ஷூ முஷ்கில்? என்று கரண்டியோடு வந்தார் டீச்சர்.
மாஃபி ஹவா, என்றேன்.
வீட்டில் காற்று இல்லை.
அடுப்பும் ஃபேனும் ஒரே டம்ளருக்கு
அடித்துக்கொள்கின்றன.

சொல்லிக்கொண்டே ஜன்னல் சட்டத்தைப் பார்த்தேன்.
சாம்பல்நிற சிலிக்கான்,
முடிகிற இடத்தில் கட்டைவிரலால் இடப்பக்கம் ஒரு சுழி.
உலகத்தில் ஒருத்தன்தான் அப்படி முடிப்பான்.
ஏப்ரலில் இங்கே ஏசி மாட்டினேன்.
தூசி உள்ளே வரக்கூடாது,
குளிர் வெளியே போகக்கூடாது என்றார் வீட்டுக்காரர்.
எறும்பு நுழையாதபடி அடைத்தேன்.
கீழே சுவரில் வட்டமாய் ஒரு ஓட்டை,
கொத்தனார் மறந்தது என்று நினைத்து
அதிலும் நுரை அடித்தேன்.
இப்போது அடுப்பின் முதுகுக்கு நேரே
அதே ஓட்டை,
பெயின்ட்டுக்குள்.

முழங்கால் போட்டு, கத்தியால் அறுத்தேன்.
வெளியிலிருந்து மலைக்காற்று
கண்ணில் அடித்தது.
வலை வைத்தேன். குழாய் இணைத்தேன்.
வாசல் கதவைச் சாத்தினோம்.
ஃபேன் சுற்ற, மீன் பொரிய,
தீ குட்டையாக, வெளுப்பாக.

ஜாப் கார்டில் 'காரணம்' என்ற கட்டம்.
பேனாவைக் கொஞ்சம் உதறினேன், மை வந்தும்.
பிறகு எழுதினேன்:
வீடு அளவுக்கு மீறி அடைக்கப்பட்டுள்ளது.
கையெழுத்துப் போட்டேன்.

டீச்சர் இழுப்பறையைத் திறந்து
ஏப்ரல் கார்டை எடுத்து
இதன் பக்கத்தில் வைத்தார்.
நோட்டுத் திருத்துகிறவர்;
இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
அந்த வேலைக்கு வாரண்டி எத்தனை மாதம்?

பன்னிரண்டு, என்றேன்.

பில் புத்தகத்தைத் திறக்காமலே
வண்டியில் ஏறினேன்.
பென்னிச்சனிடம் என்ன சொல்வது என்று
வளைவுக்கு வளைவு ஒன்று தோன்றியது.
ஒன்றும் எரியவில்லை சரியாக.