திருப்பக் கூடாது

முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனவை மூன்று:
ஷவர் திரை, ஓடாத எடைமிஷின்,
ஜன்னல் கொக்கியில் எலிவால் கள்ளி.
தொட்டியில் ஒட்டிய டேப்பில் பேனா எழுத்து:
நவம்பர் முதல் தண்ணீர் வேண்டாம்.
கீழே ஒரு பெயர், டோரீன்.

வினிபெக்கில் எங்கள் முதல் நவம்பர்.
ஹீட்டர் இரவெல்லாம் தொண்டையைச் செருமும்.
உதடு வெடிக்கும்.
கதவுப்பிடியைத் தொட்டால் சுரீரென்று பொறி.
இந்தக் காற்றில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றாதே என்றால்
யாருக்கு மனம் வரும்?

சுகிர்தனுக்கு வரவில்லை.
பார்சல் கிடங்கில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து
பூட்ஸைக் கழற்றுமுன்
அரை டம்ளர், எனக்குத் தெரியாமல்.
காலையில் நான் அரை டம்ளர், அவனுக்குத் தெரியாமல்.

ஜனவரியில் நடுவால் பழுத்தது.
தொட்ட விரல் உள்ளே போனது
அழுகின வாழைப்பழத்துக்குள் போவதுபோல்.
அன்றுதான் இரண்டு டம்ளர்களும் வெளியே வந்தன.
கள்ளிக்கு எதுக்கு வேலி என்பார்கள்.
வேலி வேண்டியிருந்தது,
எங்கள் இரண்டு பேரிடமிருந்து.

கத்தியை அடுப்பில் காட்டி
பச்சை தெரியும்வரை வெட்டினேன்.
எட்டு வாலில் மிஞ்சியது ஐந்து.
நல்ல துண்டுகளைச் செய்தித்தாளில் பரப்பினோம்,
நடுமுன் காயம் காயவேண்டுமாம்.
தமிழில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடிகிறது.
ஒன்பது நாள் ஆயிற்று.

முள் என்று சொல்ல முடியாத முள். மயிர்.
என் கட்டைவிரலில் ஏறியதை
டேப் ஒட்டி ஒட்டி உரித்தான் சுகிர்தன்,
மேஜை விளக்கை இழுத்து வைத்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
அவ்வளவு நேரம் என் கையை அவன் வைத்திருந்து
மாதங்கள் ஆகியிருந்தன.

கள்ளி என்றால் பாலை என்று நினைத்திருந்தேன்.
இது மெக்சிகோ மலையில்
மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் தொங்குகிற வகை.
அதற்கு வேண்டியது மணல் இல்லை.
கொஞ்சம் குளிர், நிறைய வெளிச்சம்,
கை எட்டாத தூரம்.

ஹீட்டர் இல்லாத சின்ன அறைக்கு மாற்றினோம்.
அங்கே கண்ணாடியின் உள்பக்கமே பனி படியும்.
பிப்ரவரி முழுக்க நாங்கள் அதைப் பார்க்கவில்லை.
பொய்.
பார்த்தோம், டம்ளர் இல்லாமல்.

மார்ச் கடைசியில் அரிசிமணி அளவு சிவப்பு.
மொட்டு வைத்தபின் தொட்டியைத் திருப்பினால்
உதிர்ந்துவிடும் என்று சுகிர்தன் படித்து வந்தான்.
எல்லா மொட்டும் தெருப்பக்கம்.
எங்களுக்கு முதுகு.

ஆகவே ஏப்ரலில் ஒரு ஞாயிறு, மைனஸ் ஆறு,
பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டி
எதிர்சாரி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு
எங்கள் வீட்டை அண்ணாந்து பார்த்தோம்
வேறு யாரோ குடியிருக்கும் வீடுபோல.
மூன்றாவது மாடி. கண்ணாடியோடு கண்ணாடியாக
நாலு ரோஸ் நிறப் பூ.

பஸ் வந்து கதவைத் திறந்தது.
ஏறவில்லை என்று கையாட்டினோம்.
எங்கள் பார்வை போன பக்கம்
ஓட்டுநர் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக்
கதவை மூடினார்.