ஐந்து சென்ட்

தபாலில் வந்தது. கடிதம் கிடையாது.
நசுங்கிய அட்டைப் பெட்டிக்குள் கசக்கிய செய்தித்தாள்,
அதற்குள் ஒரு மடக்குக் கத்தி,
கூடவே ஒரு வெற்று உறை.
உறையில் தலை ஒட்டி, தன் முகவரியைத் தானே எழுதியிருந்தாள்:
மரூஷா, நான்காவது மாடி, லூகோ.

கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறும் என்பார்கள்
இந்த அரோசா வளைகுடாப் பக்கம்.
செல்லாக்காசாவது திருப்பித் தர வேண்டும்.
வீடு விற்றதிலிருந்து மூன்று வருடமாகப் பேச்சில்லை,
இனி அறுவதற்கு என்ன மிச்சம் என்று
உறையை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

கத்தி திறக்கவில்லை.
அலகின் பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தால்
நகம் வந்தது, அலகு வரவில்லை.
படகில் ப்ராய்ஸ் வாங்கிப் பார்த்தான்.
"உன் ஜாதி. வாயைத் திறக்காது."
பழைய கத்தி நவம்பரில் மிதவை இடுக்கில் நழுவி
பதினெட்டு மீட்டர் கீழே
ஏதோ கருஞ்சிப்பிக்கு வீடாகியிருக்கும்.
எனக்கு வேறு வழியில்லை.

வானிலை அறிக்கை முடிவதற்குள் நூறு தரம்.
திற, மூடு. திற, மூடு.
கீழ்வீட்டு அம்பாரோ விளக்குமாற்றால் கூரையைத் தட்டினாள்.
வெந்நீரும் சோப்பும் விட்டு,
காது குடையும் பஞ்சுக்குச்சியால் கீலைத் துடைத்தேன்.
கறுப்பாக ஒரு கசடு, பட்டறையின் கடைசி அழுக்கு.
ஈரம் உலர்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.
ஒன்றுதான்.
இரண்டாவது சொட்டு மணலைக் கூப்பிட்டு உட்காரவைக்கும்.

முதல் புளிப்பு ஆப்பிளிலேயே அலகு கறுத்தது.
பதறித் தேய்த்தேன். மறுநாள் வெங்காயம்,
அதற்கடுத்த நாள் எலுமிச்சை. தேய்த்து அலுத்து விட்டுவிட்டேன்.
நீலம் படர்ந்தது, பிறகு சாம்பல்,
நுனியில் மட்டும் புறாக் கழுத்து.
அந்தக் கறை இருக்கும்வரை துரு சற்றுத் தள்ளி நிற்கிறது.

மழை வாரத்தில் மரப்பிடி ஊதி
அலகை விழுங்கிக்கொண்டது.
சமையல் மேடையில் பிட்டத்தைத் தட்டினால்
மூக்கை மட்டும் நீட்டும்.
தினமும் வேலை முடிந்து நல்ல தண்ணீரில் கழுவுவேன்,
பேருந்தில் வரும்போது
இடுப்பு பெல்ட்டின் உள்பக்கத்தில் முன்னும் பின்னும் தீட்டுவேன்.
எதிர் இருக்கை எப்போதும் காலி.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
கிரேன் தூக்கிய சிப்பிக் கயிறு
ப்ராய்ஸின் கையுறையையும் சேர்த்துத் தூக்கியது,
கையுறைக்குள் அவன் இருந்தான்.
எப்போது திறந்தேன் என்று கேட்டால் தெரியாது.
கட்டைவிரலுக்குத் தெரிந்திருக்கும்.
இருநூறு கிலோ சிப்பி கடலுக்குத் திரும்பிப்போனது.
முதலாளி சிப்பிக்காக வருந்தினார்.
ப்ராய்ஸ் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினான்,
சரியாக இருந்தும் மறுபடி எண்ணினான்.

அன்றிரவு பார்த்தால் அலகு ஆடுகிறது,
பால் பல்லைப் போல.
கீலின் திருகாணியில் ஒரு கோடு இருந்தது.
வீட்டிலிருந்த திருப்புளிகளில் ஒன்று தடி, ஒன்று ஒல்லி.
சில்லறைக் கிண்ணத்தில் கைவிட்டேன்.
ஐந்து சென்ட்,
அதற்கென்றே வெட்டியதுபோல் உட்கார்ந்தது.
கால் திருகு. போதும்.
இன்னும் கொஞ்சம் திருகினால் பழையபடி ஊமையாகிவிடும்.

தெரிந்துதான் வாங்கினாளா?
விற்கிற வீட்டின் ஜன்னல்களைக்கூட
அளந்து குறித்துவைத்தவள்.
தெரியாமலும் இருக்கலாம்.

இழுப்பறையைத் திறந்தேன்.
"காசு அனுப்ப முடியாது.
கத்திக்கு வேண்டியிருக்கிறது, மாதம் ஒருமுறையாவது.
வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்.
வரும்போது ஆப்பிள், புளிப்பானது."
கையெழுத்துப் போடவில்லை. கிறுக்கல் அவளுக்குத் தெரியும்.

தபால் கட்டணம் இதற்குள் ஏறிவிட்டதாம்.
அவள் ஒட்டிய தலைக்குப் பக்கத்தில்
இன்னொன்று வாங்கி ஒட்டினேன்.