தண்ணீரில் ஒன்றுமில்லை

பாலக்கோடு மண்டியில்
தக்காளிப் பெட்டியை இறக்கியபடியே திம்மராயன் சொன்னார்:
குழாய்த் தண்ணியில மருந்து கலக்குறானுங்க,
ஓட்டுப் போடற அன்னிக்கு
பட்டதெல்லாம் நமக்கு மறந்துடணும்னு.

யார் கலக்குகிறார்கள் என்றேன்.
அவங்கதான் என்றார்.
அந்த ‘அவங்க’ளில் நானும் உண்டு
என்பது அவருக்கும் தெரியும்.

மருந்துக்கு ஃபார்முலா எழுதிக் குடுங்க,
பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்திடறேன் என்றேன்.
மண்டியே சிரித்தது.
சீட்டு எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.
எனக்கு இனித்தது, மறைப்பானேன்.

திம்மராயனும் சிரித்தார்.
அப்போதுதான் பார்த்தேன்:
பல்லெல்லாம் பழுப்பு வரி,
வெள்ளையடித்த சுவரில் மழை இறங்கிய மாதிரி.
ஊர் போர்வெல்லின் ஃப்ளோரைடு.
அந்தப் பம்புக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்க ஆள் வருவதற்குள்
அவருக்கு மூன்று பிள்ளைகள்.
மூத்தவளுக்கு முட்டி மடங்காது.

அன்னிக்கும் ஒருத்தர் வந்தாரு சார்,
உங்களாட்டம் கண்ணாடி.
தண்ணியில ஒண்ணுமில்லைன்னு
கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு.

இப்போது வருவது ஒகேனக்கல் தண்ணீர்.
பள்ளி லேபில் நானே சோதித்தேன்.
மருந்துமில்லை மாயமுமில்லை.
அவர் சொல்வது பொய்,
அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

வாயெடுப்பதற்குள் தோளைத் தட்டினார்,
அவரை நான் தட்ட நினைத்திருந்த
அதே மெத்தென்ற தட்டு:
படிச்சவங்க பாவம், சட்டுனு நம்பிடுவீங்க.

பிறகு என் ஸ்கூட்டரைப் பார்த்தார்.
கால் வைக்கும் இடத்தில்
இருபது லிட்டர் கேன்.

அது எந்தத் தண்ணி சார்?

நீல மூடியில்
சீல்
இன்னும் பிரிக்கவில்லை.