நாலாம் சிலிண்டர்

எழுபதில் நடுங்கும்.
அறுபதில் இல்லை, தொண்ணூறில் இல்லை,
எழுபதில், அதுவும் ஏற்றத்தில்,
பிராண்டன் நகரை விட்டு
அசினிபோயின் பள்ளத்தாக்கிலிருந்து
பத்தாம் நெடுஞ்சாலை மேலேறும் இடத்தில்
ஸ்டியரிங் வழியே முழங்கை வரை
ஒரு குலுக்கம்.

இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு ஃபோர்ட் பிக்கப்.
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.
பின்பெட்டியில் துரு தின்ற ஓட்டை,
அதன் வழியே பனிக்காலம் முழுக்க
உப்புமண் சிந்திக்கொண்டே போயிருக்கிறேன்.

"கியர்பெட்டி போச்சு" என்றான் கேதீசன்,
அல்பேர்ட்டா எண்ணெய்மணலிலிருந்து,
வண்டியைப் பார்க்காமலே.
"கியர்பெட்டி" என்றான் பழைய இரும்புக்கடை டுவேய்ன்,
எண்ணூறு டாலரை மனதுக்குள் எண்ணியபடி.
ஓவர்டிரைவ் பொத்தானை அமத்திப் பார், நிற்கும் என்றார்கள்.
அமத்தினேன். நின்றது.
மூன்று சாட்சி. தீர்ப்பு எழுதலாம்.

நான் இறைச்சி ஆலையில் தரம் பார்க்கிறவள்.
நாளுக்கு ஆயிரம் ஈரல் திருப்பி
எது நோய், எது வெறும் கறை என்று
கத்தி நுனியால் சொல்கிறவள்.
யாரோ சொன்னார்கள் என்று
எதையும் தொட்டியில் எறிந்ததில்லை.

சனிக்கிழமை. மைனஸ் ஒன்பது.
எஞ்சின் சூடேறும்வரை ஓடவிட்டு
கியர்பெட்டி எண்ணெய்க் கோலை உருவி
வெள்ளைக் கடதாசியில் துடைத்தேன்.
ரோஸ்மில்க் நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கும்,
கதை முடிந்திருக்கும்.
கருகல் வாசமென்றால் உள்ளே தட்டுகள் தேய்ந்திருக்கும்.
இரண்டும் இல்லை.
மாதுளை பிழிந்த சிவப்பு. தெளிவு.
மோந்தேன். மறுபடி மோந்தேன்.
எதிர்வீட்டுச் சன்னல்திரை அசைந்தது.
அசையட்டும்.

இரவு ஷிப்ட் முடிந்து நேரே வந்தான் ரோமெல்,
ஒரு கையில் வாழைப்பழக் கேக்,
மறுகையில் சின்னக் கறுப்புப் பெட்டி.
ஸ்டியரிங்கின் கீழே செருகினான்.
பெட்டி யோசித்தது. பிறகு ஒரே வரி:
நாலாம் சிலிண்டரில் தீ தவறுகிறது.

நாலாவது எங்கே?
பயணி பக்கம், கடைசியில், சுவரோடு சுவராக.
கை போகும், கண் போகாது.
மட்கார்டின் குளிரில் கன்னத்தைப் பதித்துக்
கையை விட்டேன்.
விரல்நுனியில் ஈரம்.
"நக்கிப் பார்த்துவிடாதே, இனிக்கும்,
ஆனால் நஞ்சு" என்றான் ரோமெல்.

ஹீட்டர் குழாய்.
ஏழு அங்குல ரப்பர், வளைவில் வெடித்து
எத்தனை மாதமாகவோ
சொட்டு
பிறகு சொட்டு
ஸ்பார்க் பிளக் நிற்கும் குழிக்குள்.
பொறி பறக்க வேண்டிய இடத்தில் பச்சைக் குளம்.
சமதரையில் சமாளிக்கும், சுமை ஏறினால் திணறும்.
ஓவர்டிரைவை அமத்தினால் நின்றதும் அதனால்தான்:
எஞ்சினுக்கு ஒரு மிடறு மூச்சு.
கியர்பெட்டி தன்பாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.
இத்தனை வருடம் வாய் திறக்காதது
எண்ணூறு டாலருக்கு விலை பேசியபோதும்
திறக்கவில்லை.

காற்றடித்துக் குழியை உலர்த்தினோம்.
குழாய் பதினான்கு டாலர். காயில் ஐம்பத்திரண்டு.
பிளக்கைக் கழற்றும்போதுதான் பயந்தேன்,
இந்த எஞ்சினில் மரையே பிய்ந்து வருமென்று கேள்வி.
கால் திருப்பு. நிறுத்து. எண்ணெய் விடு.
கால் திருப்பு.
வந்தது.

பத்தாம் நெடுஞ்சாலை, ஏற்றம், எழுபது.
ரோமெலின் கோப்பி தளும்பவில்லை.
நம்பாமல் இறங்கி
இன்னொரு தரம் ஏறினோம்.

இரவு கேதீசன் எடுத்தான். "வித்தாச்சோ?"
"இல்லை."
"ஏன்?"
எங்கிருந்து தொடங்குவது, ஈரலிலிருந்தா?
"நாலாவது நனைஞ்சிருந்தது" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

ரிவர்ஸ் போட்டால்
பின்பக்கம் எங்கோ ஒரு டொக்.
அது அடுத்த சனிக்கிழமை.