கடைசி மெய்ப்பு

நாவல் அடுத்த மாதம் வருகிறது.
மெய்ப்புப் பார்க்கும் ஆபத்சகாயம்
கும்பகோணத்திலிருந்து போன் செய்தார்,
இரவு பதினொன்றே காலுக்கு.

“இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
மதகடியில் செருகிய செப்புத் தகடு,
அதில் தையல்நாயகி பேர் தலைகீழாக.
இதை யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை.
சூனியக்காரி என்று ஊர் ஒதுக்கியவளை
ஒருத்தன் வாய்க்காலில் அமுக்கிக் கொல்கிறான்;
பழியை ஏவல்மேல் போடுகிறான்.
நானே கட்டிய கதை.

போனில் தண்ணீர் சலசலத்தது.
மேட்டூர் இன்னும் திறக்கவில்லை,
அரசலாறு வெறும் மணல்.

“அவள் பேர் வேறு,” என்றார்.
“மற்றதெல்லாம் சரி.
ஒரே பிழை, கழுத்தை அமுக்கியது
வலக்கை இல்லை.”
வைத்துவிட்டார்.

முதல் மெய்ப்பைத் தேடி எடுத்தேன்.
ஓரமெல்லாம் அவர் திருத்தங்கள்.
சிவப்பு மை
எழுத எழுதக் கைபட்டு
வரிக்கு வரி இழுபட்டிருந்தது.